தாய் விண்டோவும் சேய் விண்டோவும் பேசிக்கொள்ள...

எங்கள் தெருவில் ஓர் அக்கா தையல் கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர்களின் ப்ளவுஸ் அளவுகளை ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பது அவர் வழக்கம். அந்த நோட்டுக்குப் பதிலாகச் சிறு புரோகிராம் ஒன்று எழுதித் தருகிறேன் என்று நானாகவே போய்ச் சொன்னேன். விசுவல் பேசிக் டாட்நெட் கற்றுக்கொண்டிருந்த நேரம் அது. கற்றதை யாருக்காவது செய்து காட்ட வேண்டும் என்ற ஆசை.

புரோகிராமில் இரண்டே விண்டோக்கள். முதல் விண்டோவில் வாடிக்கையாளர் பெயர்ப் பட்டியல், அவருக்குரிய அளவுகள், அளவுச் சீட்டை அச்சிட ஒரு பட்டன். "மாற்று" என்ற பட்டனைக் கிளிக் செய்தால் இரண்டாவது விண்டோ திறக்கும். அதில் தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் ஆகியவற்றைத் திருத்தி "சேமி" கொடுக்கலாம்.

ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு கல்யாணப் பெண் வந்தார். முன்பு அவருக்குத் தைத்த ப்ளவுஸில் கை நீளம் 6 இன்ச். முகூர்த்தப் புடவைக்கு 10 இன்ச் வேண்டும் என்றார். அக்கா 10 என்று மாற்றி "சேமி" கொடுத்தார். "சேமிக்கப்பட்டது" என்ற செய்தியும் வந்தது. உடனே சீட்டை அச்சிட்டு, துணியோடு சேர்த்துக் கட்டிங் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டார். சீட்டில் இருந்தது 6.

பட்டுப் புடவையோடு வரும் ப்ளவுஸ் துணி ஒன்றுதான். வெட்டிய பின் அதே துணியைக் கடையில் போய் வாங்க முடியாது. கல்யாணத்துக்கு 4 நாட்களே இருந்தன. மீந்த துணியில் இருந்த பார்டரைக் கையின் முனையில் ஒட்டுப் போட்டுத் தைத்து, 9 இன்ச் வரை கொண்டுவந்தார் அக்கா. கூலி வாங்கவில்லை.

என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நான் பத்துன்னுதான் போட்டேன்" என்றார். புரோகிராமைத் திறந்து பார்த்தோம். திரையில் 10 என்றுதான் இருந்தது. கையில் இருந்த சீட்டில் 6. "மாத்துறதுக்கு முன்னாடியே பிரிண்ட் கொடுத்திருப்பீங்க அக்கா" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு, அவர் சொன்ன அதே வரிசையில் நானே செய்து பார்த்தபோதுதான் தவறு என்னுடையது என்று தெரிந்தது.

அந்தத் தவறு என்ன, அதைத் திருத்துவது எப்படி என்பதுதான் இந்தப் பாடம். விண்டோஸில் புரோகிராம் எழுதத் தொடங்கும் பலரும் இதே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். இதுவரை புரோகிராம் எழுதாதவர்களும் படிக்கலாம். தினமும் நீங்கள் பார்க்கும் விண்டோக்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதாவது புரியும்.

தாய் யார், சேய் யார்?

ஒரு விண்டோவிலிருந்து இன்னொரு விண்டோவைத் திறக்கும்போது, திறந்த விண்டோவைத் தாய் என்றும், திறக்கப்பட்டதைச் சேய் என்றும் சொல்கிறோம். வேர்ட் புரோகிராமில் கன்ட்ரோல் கீயுடன் டி கீயை அழுத்துங்கள். எழுத்துரு தேர்ந்தெடுக்கும் ஃபாண்ட் விண்டோ வரும். அது திறந்திருக்கும் வரை பின்னால் உள்ள டாக்குமெண்டில் ஒரு எழுத்துகூட டைப் செய்ய முடியாது. தாய் விண்டோ காத்திருக்கிறது. இந்த வகைக்கு மோடல் விண்டோ என்று பெயர்.

அதை மூடிவிட்டு, கன்ட்ரோல் கீயுடன் ஹெச் கீயை அழுத்துங்கள். தேடி மாற்றும் விண்டோ வரும். அதைத் திறந்து வைத்துக்கொண்டே டாக்குமெண்டில் கிளிக் செய்து டைப் செய்யலாம். இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. இது மோட்லெஸ் விண்டோ.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஒரு சிறு குறிப்பு. விண்டோஸ் சிஸ்டத்தின் கணக்கில் சைல்ட் விண்டோ என்பதற்குக் கொஞ்சம் வேறு பொருள் உண்டு. தாயின் எல்லைக்குள்ளேயே இருக்கும் பட்டன், டெக்ஸ்ட் பாக்ஸ் போன்றவைதான் அங்கே சைல்ட். தனியாக மிதக்கும் டயலாக் பாக்ஸுக்கு ஓன்ட் விண்டோ என்று பெயர், அதாவது ஒருவருக்குச் சொந்தமான விண்டோ. பேச்சு வழக்கில் இரண்டையும் சேய் என்றே சொல்கிறோம். இந்தப் பாடத்தில் வருவது இரண்டாவது வகை.

பயிற்சிக்குத் தயாராகுங்கள்

விசுவல் ஸ்டூடியோவின் கம்யூனிட்டி பதிப்பைத் தனிநபர்கள் இலவசமாக டவுன்லோட் செய்துகொள்ளலாம். இன்ஸ்டால் செய்யும்போது டாட்நெட் டெஸ்க்டாப் டெவலப்மெண்ட் என்ற பிரிவை டிக் செய்யுங்கள். பிறகு விசுவல் பேசிக் மொழியில் புதிய விண்டோஸ் ஃபார்ம்ஸ் புராஜெக்ட் ஒன்றைத் தொடங்குங்கள். ஃபார்ம் என்பது புரோகிராம் எழுதுபவருக்கு விண்டோவின் வரைபடம்.

விசுவல் பேசிக்கின் சொற்களை இங்கே உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள். ஃபார்ம், பட்டன் ஆகியவற்றுக்கு நாம் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். விசுவல் பேசிக் டாட்நெட் யூனிகோட் பெயர்களை ஏற்கும்.

1. முதல் ஃபார்முக்கு "முகப்பு" என்று பெயரிடுங்கள். இது தாய்.

2. அதில் "கைநீளலேபிள்" என்ற லேபிளையும் "மாற்றுபட்டன்" என்ற பட்டனையும் வையுங்கள். லேபிளின் டெக்ஸ்ட் 6 என்று இருக்கட்டும்.

3. புராஜெக்ட் மெனுவில் இன்னொரு ஃபார்மைச் சேர்த்து "அளவு" என்று பெயரிடுங்கள். இது சேய்.

4. அதில் "கைநீளபெட்டி" என்ற டெக்ஸ்ட் பாக்ஸ், "சரிபட்டன்", "ரத்துபட்டன்" என்று இரண்டு பட்டன்கள் வையுங்கள்.

நான் செய்த தவறு

சேய் விண்டோவில் இருந்த சேமி பட்டனுக்கு நான் எழுதியிருந்தது இதுதான்:

டிம் தாய் ஆஸ் நியூ முகப்பு
தாய்.கைநீளலேபிள்.டெக்ஸ்ட் = கைநீளபெட்டி.டெக்ஸ்ட்

படித்தால் சரியாகத்தான் தோன்றும். தாயின் லேபிளில் புதிய அளவை எழுது என்கிறது. கம்பைல் செய்தால் பிழை எதுவும் வராது. ஓட்டினாலும் பிழைச் செய்தி வராது. ஆனால் திரையில் ஒன்றும் மாறாது!

கோளாறு "நியூ" என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. ஃபார்ம் என்பது வரைபடம் என்று சொன்னேன் அல்லவா? ஒரே வரைபடத்தை வைத்து எத்தனை வீடு வேண்டுமானாலும் கட்டலாம். நியூ என்று சொன்னால் கம்ப்யூட்டர் அதே வரைபடத்தில் புதிய வீடு ஒன்றைக் கட்டிவிடும். நான் 10 என்ற கடிதத்தைக் கொண்டுபோய்ப் போட்டது அந்தப் புது வீட்டில். திரையில் இருக்கும் பழைய வீட்டுக்குக் கடிதம் போகவே இல்லை. புது வீட்டைத் திரையில் காட்டு என்று யாரும் சொல்லாததால் அது கண்ணுக்கும் தெரியவில்லை.

அப்படியானால் மறுநாள் திரையில் 10 எப்படி வந்தது? சேமி பட்டன் ஃபைலிலும் எழுதியது. அந்த வேலை ஒழுங்காக நடந்திருந்தது. மறுநாள் புரோகிராம் தொடங்கும்போது முகப்பு விண்டோ ஃபைலைப் படித்து 10 என்று காட்டியது. அச்சிடும் பட்டனோ திரையில் உள்ள லேபிளைப் பார்த்து அச்சிட்டது. அதனால், மாற்றிய உடனே அச்சிட்டால் பழைய அளவு, மூடித் திறந்த பின் அச்சிட்டால் புதிய அளவு. நான் சோதித்தபோதெல்லாம் மூடித் திறந்துதான் சோதித்திருக்கிறேன்!

இன்னொரு வலையும் உண்டு. நியூ போடாமல் நேராக

முகப்பு.கைநீளலேபிள்.டெக்ஸ்ட் = கைநீளபெட்டி.டெக்ஸ்ட்

என்று எழுதினால் பெரும்பாலும் வேலை செய்யும். ஒவ்வொரு ஃபார்முக்கும் தானாக அமையும் ஒரு பிரதியை அந்தப் பெயராலேயே அழைக்கும் வசதி விசுவல் பேசிக் 6ல் இருந்தது. டாட்நெட்டுக்கு மாறிய 2002ல் அதை எடுத்துவிட்டு, விசுவல் பேசிக் 2005ல் திரும்பக் கொடுத்தார்கள். வசதிதான். ஆனால் பின்னாளில் பாஸ்வேர்டு கேட்கும் ஒரு விண்டோவை முன்னால் வைத்து, அதிலிருந்து நியூ மூலம் முகப்பைத் திறந்தால், திரையில் இருப்பது வேறு பிரதி, பெயரால் அழைக்கப்படுவது வேறு பிரதி என்று ஆகிவிடும். பழைய கோளாறு மறுபடி வந்து நிற்கும்.

சேய் சொல்லட்டும், தாய் செய்யட்டும்

சேய் விண்டோ தாயைத் தேடிப் போய் அதன் லேபிளை மாற்ற நினைத்ததுதான் அடிப்படைத் தவறு. விண்டோஸ் இந்த வேலையை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். ஒரு பட்டனை நீங்கள் கிளிக் செய்யும்போது, அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பது அந்தப் பட்டனுக்குத் தெரியாது. "என்னைக் கிளிக் செய்தார்கள்" என்று மட்டும் தன் தாய் விண்டோவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பும். இந்த மெசேஜுக்கு டபிள்யூஎம் கமாண்ட் என்று பெயர். அச்சிடுவதா, அழிப்பதா, மூடுவதா என்பதைத் தாய் முடிவு செய்யும். அதனால்தான் ஒரே வகைப் பட்டனை எல்லா புரோகிராம்களிலும் பயன்படுத்த முடிகிறது.

நாமும் அதே வழியில் போகலாம். திறப்பது தாய். மூடியபின் கேட்டு வாங்கிக்கொள்வதும் தாய். சேய் தன் தாயின் பெயரைக்கூட அறிய வேண்டியதில்லை.

முதல் வழி: ஷோடயலாக்

மோடல் விண்டோவுக்கு இந்த வழி. முதலில் அளவு ஃபார்மில் இரண்டு சிறு பகுதிகளை எழுதுங்கள்:

பப்ளிக் சப் நிரப்பு(பழையது ஆஸ் ஸ்ட்ரிங்)
கைநீளபெட்டி.டெக்ஸ்ட் = பழையது
எண்ட் சப்

பப்ளிக் ஃபங்ஷன் புதியநீளம்() ஆஸ் ஸ்ட்ரிங்
ரிட்டர்ன் கைநீளபெட்டி.டெக்ஸ்ட்.ட்ரிம்()
எண்ட் ஃபங்ஷன்

முதலாவது, தாய் தருவதை வாங்கிக்கொள்ளும் வாசல். இரண்டாவது, தாய் கேட்டால் பதில் சொல்லும் வாசல்.

அடுத்து பிராப்பர்ட்டீஸ் விண்டோவுக்குப் போங்கள். சரிபட்டனின் டயலாக்ரிசல்ட் பண்பை ஓகே என்றும், ரத்துபட்டனின் அதே பண்பை கேன்சல் என்றும் மாற்றுங்கள். அளவு ஃபார்மின் அக்செப்ட்பட்டன் பண்பில் சரிபட்டனையும், கேன்சல்பட்டன் பண்பில் ரத்துபட்டனையும் தேர்ந்தெடுங்கள். இனி என்டர் தட்டினால் சரி, எஸ்கேப் தட்டினால் ரத்து.

இப்போது முகப்புக்கு வந்து, மாற்றுபட்டன் மீது டபுள் கிளிக் செய்து இதை எழுதுங்கள்:

யூசிங் சேய் ஆஸ் நியூ அளவு
சேய்.நிரப்பு(கைநீளலேபிள்.டெக்ஸ்ட்)
இஃப் சேய்.ஷோடயலாக்(மீ) = டயலாக்ரிசல்ட்.ஓகே தென்
கைநீளலேபிள்.டெக்ஸ்ட் = சேய்.புதியநீளம்()
எண்ட் இஃப்
எண்ட் யூசிங்

இங்கேயும் நியூ இருக்கிறதே என்று கேட்கலாம். இங்கே புதிதாக உருவாவது சேய். அது உருவாகத்தான் வேண்டும். தாய் ஏற்கனவே திரையில் இருக்கிறது. "மீ" என்றால் "நான்". தாய் தன்னையே குறிப்பிட்டு, "இந்தச் சேய் எனக்குச் சொந்தம்" என்று சொல்கிறது.

ஷோடயலாக் வரியில் வந்ததும் தாயின் அந்தப் பகுதி அப்படியே நின்று காத்திருக்கும். சேய் மூடிய பிறகுதான் அடுத்த வரிக்குப் போகும். பயன்படுத்துபவர் சரி கொடுத்தாரா, ரத்து செய்தாரா என்பது பதிலாக வரும். மூலையில் உள்ள பெருக்கல் குறியைக் கிளிக் செய்தாலும் ரத்து என்றே வரும். அப்போது லேபிளைத் தொடவே மாட்டோம்.

யூசிங் எதற்கு? ஷோடயலாக் மூலம் திறந்த ஃபார்ம் மூடும்போது மறையுமே தவிர, மெமரியை விட்டு உடனே போகாது. மூடிய பிறகும் அதனிடம் புதியநீளம் என்ன என்று கேட்க முடிவது அதனால்தான். கேட்டு முடித்ததும் அதை விடுவிக்க வேண்டும். அதை யூசிங் பார்த்துக்கொள்ளும்.

பெட்டியைக் காலியாக விட்டு சரி கொடுத்தால் என்ன செய்வது? சரிபட்டனின் கிளிக் பகுதியில் இதைச் சேருங்கள்:

இஃப் புதியநீளம்() = "" தென் மீ.டயலாக்ரிசல்ட் = டயலாக்ரிசல்ட்.நன்

நன் என்றால் எந்தப் பதிலும் இல்லை என்று பொருள். பதில் இல்லாததால் விண்டோ மூடாது. அளவை எழுதும்வரை அங்கேயே நிற்கும்.

இரண்டாவது வழி: ஈவண்ட்

சேய் திறந்திருக்கும்போதே தாயிலும் வேலை செய்ய வேண்டுமானால் மோட்லெஸ் விண்டோ தேவை. தாய் காத்திருக்காததால், மாற்றம் நடந்ததும் சேய்தான் குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரலுக்கு ஈவண்ட் என்று பெயர். அளவு ஃபார்மில்:

பப்ளிக் ஈவண்ட் நீளம்மாறியது(புதியது ஆஸ் ஸ்ட்ரிங்)

சரிபட்டனின் கிளிக் பகுதியில் முன்பு எழுதியதை எடுத்துவிட்டு:

ரெய்ஸ்ஈவண்ட் நீளம்மாறியது(புதியநீளம்())

முகப்பில் மாற்றுபட்டனுக்கு:

டிம் சேய் ஆஸ் நியூ அளவு
சேய்.நிரப்பு(கைநீளலேபிள்.டெக்ஸ்ட்)
ஆட்ஹேண்ட்லர் சேய்.நீளம்மாறியது, அட்ரஸ்ஆஃப் நீளத்தைஎழுது
சேய்.ஷோ(மீ)

முகப்பிலேயே தனியாக:

பிரைவேட் சப் நீளத்தைஎழுது(புதியது ஆஸ் ஸ்ட்ரிங்)
கைநீளலேபிள்.டெக்ஸ்ட் = புதியது
எண்ட் சப்

ஆட்ஹேண்ட்லர் வரி, "சேய் இப்படிக் குரல் கொடுத்தால் நான் இதைச் செய்வேன்" என்று தாய் முன்கூட்டியே சொல்லி வைப்பது. ஷோவுக்குள் மீ கொடுத்திருப்பதால் சேய் எப்போதும் தாய்க்கு மேலேயே இருக்கும். தாயைச் சிறிதாக்கினால் சேயும் சேர்ந்து மறையும். தாயை மூடினால் அதுவும் மூடும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஷோ மூலம் திறந்த ஃபார்மை டயலாக்ரிசல்ட் மூடாது. மூட வேண்டிய இடத்தில் மீ.குளோஸ்() என்று நீங்களே எழுத வேண்டும்.

எதை எங்கே பயன்படுத்துவது?

மோட்லெஸ் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தையல் கடையை நினைத்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் அளவு விண்டோ திறந்திருக்கிறது. அதற்குள் வேறொருவர் வர, அக்கா பட்டியலில் அவருடைய பெயரைக் கிளிக் செய்கிறார். பிறகு பழைய விண்டோவுக்கு வந்து சரி கொடுக்கிறார். முதல் பெண்ணின் கை நீளம் இரண்டாவது பெண்ணின் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும்! மாற்றுபட்டனை இரண்டு முறை கிளிக் செய்தால் இரண்டு சேய்கள் திறந்துவிடும் என்பது இன்னொரு தொல்லை.

ஆகவே, ஒருவரின் கணக்கை, அளவை, தொகையைத் திருத்தும் விண்டோ என்றால் ஷோடயலாக் போதும். தேடுதல், வண்ணம் தேர்ந்தெடுத்தல் போல அடிக்கடி பக்கத்தில் வேண்டிய கருவி என்றால் ஷோவும் ஈவண்டும். கட்டாயம் மோட்லெஸ்தான் வேண்டுமென்றால், ஈவண்டில் புதிய அளவோடு வாடிக்கையாளர் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். தாய் அந்த எண்ணைப் பார்த்து உரியவரின் கணக்கில் மட்டும் எழுதட்டும்.

மொழி மாறினாலும் இந்த முறை மாறுவதில்லை. க்யூட்டி நூலகத்தில் இதே ஈவண்ட் வேலையைச் சிக்னல், ஸ்லாட் என்ற பெயரில் செய்கிறார்கள். ஜாவாவின் ஸ்விங் நூலகத்தில் ஜேடயலாக் உருவாக்கும்போது தாயையும், மோடலா இல்லையா என்பதையும் சேர்த்தே கொடுக்கலாம்.

செய்து பாருங்கள்

முதலில் என் தவறான இரண்டு வரிகளை எழுதி ஓட்டிப் பாருங்கள். 10 என்று மாற்றியும் திரையில் 6 நிற்பதை ஒருமுறை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு மறக்காது. அதன்பின் முதல் வழிக்கு மாற்றுங்கள். அடுத்து மார்பு, இடுப்பு ஆகிய அளவுகளுக்கும் பெட்டிகள் சேருங்கள். சோதிக்கும்போது புரோகிராமை மூடித் திறக்காமல், மாற்றிய கையோடு தாய் விண்டோவைப் பாருங்கள். புரோகிராமைப் பயன்படுத்துபவர் எந்த வரிசையில் வேலை செய்வாரோ அதே வரிசையில் நாமும் செய்து பார்க்க வேண்டும்.

நான் மறுநாள் காலையில் அக்காவிடம் போய், "நீங்க சரியாத்தான் போட்டிருக்கீங்க, தப்பு என் புரோகிராம்ல" என்று சொன்னேன். ஷோடயலாக் முறைக்கு மாற்றிக் கொடுத்தேன். அதன்பின் அந்தக் கோளாறு வரவில்லை. ஆனாலும் அக்கா அச்சிட்ட சீட்டைத் துணியில் குத்துவதற்கு முன், திரையையும் சீட்டையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறார். பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.